மாமா மடியில் யாரும் அழுவதில்லை

நாங்கள் ஏழுமுனையைப் பிடித்தபோது அந்த ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயில் நேரம். கடல் பக்கமிருந்து வெளிறிய மூட்டம் ஒன்று வந்து தெருவெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மிதந்தது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வீடு வீடாக எட்டிப் பார்த்தோம். பாயில், ஊஞ்சலில், கடை பெஞ்சில் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் பெரியவர்கள் விசிறியோடு உட்கார்ந்து, வாயில் விரலை வைத்து எங்களைப் பார்த்து 'உஸ்' என்றார்கள். ஊரைப் பிடிக்க வந்த பட்டாளத்தைப் பார்த்து, சத்தம் போடாதே பிள்ளை எழுந்துவிடும் என்று சொன்ன ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நாங்களும் பூட்ஸ் சத்தம் கேட்காமல் நடந்தோம். வெட்கக்கேடு, ஆனால் நடந்தோம்.

என் பெயர் பேச்சிமுத்து. தென்கரைப் படையில் ஹவில்தார். சுடுகிற ஆள் இல்லை. கவிழ்ந்த டாங்கியைத் தூக்க, பள்ளத்தில் இறங்கிய லாரியை இழுக்க என்று ஒரு பெரிய வண்டி உண்டு, அதை ஓட்டுகிறவன். அதனால்தான் சிலையை இழுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அன்றைக்கு என் மனசு எங்கள் ஊரிலேயே கிடந்தது. தங்கை மகளுக்குக் காது குத்து தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். "நீ வந்தாத்தான் அண்ணே. இல்லேன்னா எம்மக கெழவியானாலும் மூளிக்காதோடதான் இருப்பா" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிற ரகம்.

சிலை ஊர் நடுவே இருந்தது. மற்ற நாட்டுச் சர்வாதிகாரிகள் சிலையில் நிற்பார்கள், கையை நீட்டுவார்கள், குதிரை மேல் ஏறிக்கொள்வார்கள். இந்த நாட்டை ஆண்ட இடும்பராயன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மாடி உயரத்துக்கு வெண்கலம். மடி மட்டும் ஒரு சின்ன அறை அளவுக்கு அகலம். அதற்கு ஏறிப்போகப் படிக்கட்டு. ஆள் முந்தின வாரமே படகேறி ஓடிவிட்டான். சிலை மட்டும் மூட்டத்துக்கு மேலே சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தது.

மடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தொடையில் தலைவைத்து ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வெளிநாட்டுக் கேமராக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள இவன் தலை தரையில கிடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் எங்கள் மேஜர் திருவாழி. நல்ல மனுஷர்தான், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி எப்போதும் அவசரம். ஆகவே அந்தப் பெண்ணை இறக்குகிற பொறுப்பும் எனக்கே வந்தது. மேலே ஏறினேன்.

"இறங்கும்மா. இதை இழுக்கப்போறோம்."

"இழுத்துக்குங்க. எங்க ரெண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்குங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கறிக்கடையில் எலும்பையும் சேர்த்துப் போடு என்பதைப் போலச் சொன்னாள்.

"உங்களை அடிமையா வச்சிருந்தவன் சிலைதானே? இதுக்கா உயிரை விடுவே?"

"அவன் நாசமாப் போகட்டும். எனக்கென்ன. எம்மவன் இதுக்குள்ளதான் இருக்கான் அண்ணே."

அண்ணே என்று அவள் சொன்னதும் எனக்குப் பாதி பலம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பெயர் மரகதம். மகள் நாச்சி, ஏழு வயதிருக்கும். மகன் வைரவன், நாச்சிக்கு மூத்தவன். மற்றதை அவள் சொல்லச் சொல்லத்தான் அந்த ஊர் ஏன் தூங்குகிறது என்பது எனக்குப் புரிந்தது.

இடும்பராயன் தன்னை நாட்டுக்கே தாய்மாமன் என்று அறிவித்துக்கொண்டவன். சும்மா பேச்சுக்கு இல்லை, சட்டமே போட்டான். எந்தக் குழந்தைக்கும் காது இந்தச் சிலையின் மடியில்தான் குத்த வேண்டும். சீர் அரசாங்கத்திலிருந்து வரும்: ஒரு பட்டுச் சொக்காய், ஒரு தட்டு பழம், காதுக்கு ஒரு கடுகளவு மணி. "எனக்கும் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தான். எந்தங்கச்சி பிள்ளையை எம்மடியில வச்சுத்தான் குத்துவேன்னு நின்னான். அப்புறம் அவனைக் காணோம்" என்றாள் மரகதம். "மாமா மடியில வச்சா பிள்ளை அழாது அண்ணே. ஊசி ஏறுறப்ப என் ரெண்டும் சிரிச்சுதுங்க. பெத்தவளுக்கு அப்ப அது பெருமையாத்தான் இருந்துச்சு."

அந்த மணியைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் மத்தியானச் சங்கு ஊதினால் தூங்கிவிடும். தூங்கினால் எல்லாருக்கும் ஒரே கனவு. மாமா வீடு. பெரிய முற்றம், வேப்பமரம், ஊஞ்சல், பம்பரம். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அங்கே கூடும். யாராவது முகத்தைச் சுளித்தால், அம்மாவைத் தேடினால், வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தால், மாமா வந்து வாயில் ஒரு கமர்கட்டை வைத்துவிடுவார். அது கரைவதற்குள் சொல்லவந்தது மறந்துபோகும். விழித்தபிறகு பிள்ளைகளுக்கு வாயெல்லாம் தித்திக்குமாம்.

சண்டை ஆரம்பித்ததும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். எங்கே, எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மத்தியானமானால் அந்தப் பிள்ளைகளும் எங்கேயோ படுத்துத் தூங்குகின்றன. மாமா வீட்டுக்கு வருகின்றன.

"நாச்சி தினம் அவங்க அண்ணனைப் பாத்துட்டு வர்றா. ஒருநாள் தப்பாம வர்றான் எம்புள்ள. எங்கடா இருக்கேன்னு கேளுடின்னு அனுப்புறேன். கேக்க வாயைத் தொறந்தா கமர்கட்டு. நீங்க இதை ஒடைச்சிட்டீங்கன்னா அந்த நூலும் அறுந்துடும். அவன் எங்க இருக்கான்னு தெரியிற வரைக்கும் விடுங்க அண்ணே. அப்புறம் ஒடைங்க, உருக்குங்க, பித்தளைச் சொம்பு பண்ணி வித்துக்குங்க."

வடக்கே தூரத்தில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. மெத்தையைத் தடியால் தட்டுகிற மாதிரி மந்தமான சத்தம். காலையிலிருந்தே கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காதில் ஏறவில்லை.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் மத்தளமாகக் கீழே இறங்கி, எங்கள் சிக்னல் லெப்டினன்ட் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வந்தேன். அவர் பீடத்தின் பின்பக்கம் இருந்த சின்னக் கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்துபோனார். வெகுநேரம் கழித்து ஒட்டடைத் தலையோடு வெளியே வந்தார். முகம் நன்றாக இல்லை.

"உள்ள இருக்கிற மிஷின் ரெண்டு பங்கா இருக்கு பேச்சிமுத்து. தலையிலயும் நெஞ்சுலயும் இருக்கிறது மாமா. பிள்ளைங்க பேச்சை ஒட்டுக்கேக்கிறது, அடக்குறது எல்லாம் அங்கதான். மடிக்குள்ள இருக்கிறது வீடு. பிள்ளைங்க கூடுற எடம்."

"அப்ப மாமாவை மட்டும் இழுத்துப் போட்டுட்டு வீட்டை விட்டுட்டா மேடம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விட்டா, வாயில மிட்டாய் வைக்க ஆளிருக்காது. பிள்ளைங்க மனசுல உள்ளதைப் பேசும்."

மரகதம் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப எம்மவன் எங்க இருக்கான்னு சொல்லுவானா?"

ஜெசிந்தா படியேறிப்போய் அவளருகே உட்கார்ந்தார். பொய் சொல்லத் தெரியாத பெண். அது நல்ல குணமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இன்னொண்ணையும் நீங்க தெரிஞ்சுக்கணும். காதுல இருக்கிற மணி உடம்புச் சூட்டுல ஓடுது. சூடு நின்னா மணியும் நின்னுடும். அப்படி ஒரு மணி நின்னா, அந்தப் பிள்ளையோட சாயலை வீடே எடுத்து நிறுத்திக்கும். மத்த பிள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. மாமா வீட்டுல யாரும் சாகக்கூடாதுல்ல. அந்தச் சாயல் ஓடும், ஆடும், சிரிக்கும். அந்தப் பிள்ளை இதுவரைக்கும் அங்க என்ன செஞ்சுதோ அதை மட்டும் செய்யும். புதுசா ஒண்ணும் செய்யாது."

"இப்ப இருக்கிறதுல எது பிள்ளை, எது சாயல்னு உங்க மிஷின்ல தெரியாதா?"

"தெரியக்கூடாதுன்னே கட்டியிருக்காங்க."

மரகதம் நாச்சியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஒதுக்கியதையே மறுபடி ஒதுக்கினாள்.

"எம்மவனுக்கு உடம்பு சூடு ஜாஸ்தி" என்றாள். "பொறந்ததிலிருந்தே அப்படித்தான். பக்கத்துல படுத்தா அடுப்பு மாதிரி கொதிப்பான். அவன் மணியெல்லாம் நிக்காது." பிறகு மகளை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே இறங்கி வந்தாள். "இழுங்க. தலையை மட்டும் இழுங்க."

மேஜரிடம் போய்ப் புளுகினேன். இடுப்புக்குக் கீழே பீடத்தோடு சேர்த்து வார்த்திருக்கிறது, முழுசாக இழுத்தால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கேமரா முன்னால் வண்டி குப்புற விழுந்தால் எதிரி நாடு மட்டுமில்லை, நம் நாடும் சிரிக்கும் என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"தலை விழுந்தா போதும். எவன் மடியைப் படம் எடுக்கப்போறான்" என்றார்.

கேஸ் கட்டரால் இடுப்பைச் சுற்றிலும் அறுத்தோம். கழுத்திலும் அக்குளிலும் இரும்பு வடத்தைச் சுற்றி வண்டியில் மாட்டினேன். தூக்கம் கலைந்த பிள்ளைகளோடு ஊர் ஜனம் வீட்டு வாசல்களில் நின்றது, ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை. வழக்கமாக இந்த மாதிரி வேலைக்குக் கூட்டம் செருப்போடு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கையில் விசிறியோடு நின்றார்கள்.

வண்டி உறுமியது. வடம் இறுகியது. இடும்பராயன் கொஞ்சம் முன்னால் குனிந்தான், யாரையோ தூக்கக் குனிகிற மாதிரி. அப்படியே மெல்ல, நம்பமுடியாத அளவுக்கு மெல்ல, மூட்டத்துக்குள் முகம் குப்புறப் போனான். தரை ஒருமுறை அதிர்ந்தது. எங்கள் பையன்களில் சிலர் ஓவென்று கத்தினார்கள். யாரும் சேர்ந்து கத்தாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவன் சிலை முகத்தில் உதைக்கப் பூட்ஸைத் தூக்கியவன், வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே வைத்தான். மேடையில் ஆளில்லாத ஒரு மடி மட்டும் வெயிலில் மினுங்கியது.

பீடத்திலிருந்த சங்கை ஜெசிந்தா மறுபடி ஊதவிட்டார். வீடுகளில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன. நாச்சி மட்டும் சாயவில்லை. மிஞ்சி நின்ற மடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாள்.

"மாமா இல்லியே. மாமா மடின்னாத்தானே எனக்குத் தூக்கம் வரும்."

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தேன். பிறகு அந்த வெண்கல மடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மடியைத் தட்டிக் காண்பித்தேன்.

"இவர் யாரும்மா?"

"நான் அண்ணேன்னு கூப்பிட்டா உனக்கு இவர் மாமாதான். படு."

நாச்சி சந்தேகத்தோடுதான் படுத்தாள். தலை கனமே இல்லை. முதுகில் தட்டிக்கொடுத்தேன். தூங்கிப்போனாள்.

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூட்டம், வெயில், வடக்கே அந்த மெத்தை தட்டுகிற சத்தம். எனக்கே தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கண்ணை மூடினால் எனக்குத் தெரியாத ஒரு முற்றமும் வேப்பமரமும் தெரிகிற மாதிரி இருந்தது. எனக்குக் காதில் மணியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருந்தாலும் தெரிந்தது.

அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை அழுதது.

அடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு எதிர்த் தெருவில். பிறகு எண்ண முடியவில்லை. ஏழுமுனையின் அத்தனை வீட்டிலும் பிள்ளைகள் தூக்கத்திலேயே கதறின. இத்தனை வருஷம் கமர்கட்டால் அடைத்துவைத்த அழுகை எல்லாம் மடை உடைந்து வந்தது. தாய்மார்கள் பயந்துபோய் உலுக்கி எழுப்ப, எழுந்த பிள்ளைகள் விக்கி விக்கிச் சொல்லின. அக்காவைப் பார்த்தேன், காலில் புண் என்று அழுதாள். சித்தி மகனைப் பார்த்தேன், இருட்டாக இருக்கிறது என்றான். கரட்டுமலை. சுண்ணாம்புச் சுரங்கம். தண்ணீர் இல்லை. மலை மேல் குண்டு விழுகிறது, கல் கல்லாகக் கொட்டுகிறது.

பெண்கள் சேலையை அள்ளிச் சொருகிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். "கரட்டுமலை, கரட்டுமலை" என்பது ஒன்றுதான் எல்லார் வாயிலும்.

மேஜர் ஜெசிந்தாவிடமிருந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார். கேமராக்காரர்கள் வந்து நின்றதைக்கூட அவர் பார்க்கவில்லை. "கரட்டுமலைக்கு அடிக்கிறதை நிறுத்துங்க. நிறுத்துய்யா. உள்ள இருக்கிறது பட்டாளம் இல்ல, பிள்ளைங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வடக்கே சத்தம் நின்றது. காலையிலிருந்து அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று நின்றபிறகுதான் தெரிந்தது.

நாச்சி இன்னும் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து என் கால்சட்டையை நனைத்தது. மரகதம் குனிந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. கடைசியாக எழுந்த பிள்ளை அவள்தான்.

"எல்லாரும் அழுதாங்க மாமா" என்றாள் என்னிடம். "நானும் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். யாருமே மிட்டாய் வைக்கல."

"அண்ணன்?" என்றாள் மரகதம்.

"அண்ணன் அழல."

மரகதம் இன்னும் கிட்டே குனிந்தாள்.

"எங்கண்ணே இருக்கேன்னு கேட்டேம்மா. சிரிச்சான். பம்பரம் விடுவோமான்னான். எல்லாரும் அழுறாங்களே நீ அழலியான்னேன். பம்பரம் விடுவோமான்னான்." நாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அண்ணனுக்குத்தான் பயமே இல்லம்மா."

மரகதம் மகளை வாங்கிக்கொண்டாள். அவள் கத்துவாள், என் சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். உலுக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வடக்கே பார்த்தாள்.

"காலையிலேர்ந்து கேட்டுச்சே, அந்தச் சத்தம். அது உங்களுதா அண்ணே?"

"ஆமாம்மா."

தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன், ஜெசிந்தா பார்க்க, கேமராக்காரன் பார்க்க.

மரகதம் அந்த வெண்கலத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இந்த மடியை இப்ப ஒடைக்காதீங்க. மத்த பிள்ளைங்க வந்து சேரட்டும். யாரு எங்க மாட்டிக்கிட்டிருக்கா, யாருக்கு என்ன வலின்னு கேக்க ஆள் வேணும்ல. நாச்சி நல்லாத் தூங்குவா. நான் கூட இருக்கேன். எல்லாரும் வந்தப்புறம் சொல்லி அனுப்புறேன். நானே கயித்தை மாட்டுறேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறோம். கரட்டுமலைச் சுரங்கத்திலிருந்து அழுத பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாச்சி தினமும் அந்த மடியில் படுத்து, எந்தக் கிளைக்குகையில் யார் என்று கேட்டு வந்து சொன்னாள் என்றும், எழுந்ததும் தினமும் அவள் அம்மா அண்ணனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள் என்றும் ஜெசிந்தா பிறகு சொன்னார். இன்னைக்குப் பம்பரம் விட்டீங்களா? அவ்வளவுதான் கேள்வி.

கடைசிப் பிள்ளை வந்த மறுநாள் சொல்லி அனுப்பினாள். வண்டியோடு போனேன். வடத்தை அவளே மாட்டினாள். முடிச்சு சரியாக இல்லை, நான் திருத்தவில்லை. நாச்சியின் காதிலிருந்த மணியைக் கழற்றிவிட்டிருந்தாள். துளையில் ஒரு வேப்பங்குச்சி.

லீவு கிடைத்து நான் ஊருக்குப் போனபோது ஆடி போய் ஆவணி வந்திருந்தது. தங்கை வீட்டில் பந்தல் போட்டுக் காத்திருந்தாள். பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். புதுப் பாவாடையில் குழந்தை என் மடியில் அமர்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன்.

ஊசி ஏறியது. குழந்தை ஒரு நொடி வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தது. பிறகு வீடு இடிகிற மாதிரி அழுதது.

"ஐயோ எந்தங்கமே" என்று தங்கை கையில் தயாராக வைத்திருந்த சர்க்கரையோடு குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடு. அழட்டும்" என்றேன்.

குழந்தையின் உடம்பு என் மடியில் அடுப்பு மாதிரி கொதித்தது.